சிவப்புக்கு மேல் இருந்த எழுத்து

1

இது கதையாகத் தொடங்கவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். எங்கள் தமிழ்ச் சங்கத்தின் தீபாவளி மலருக்கு ஜாலியாக ஒரு கட்டுரை கேட்டார்கள். பக்கத்து வீட்டு ஹோரஸ் பெட்டவே தன் கார் கொட்டகையில் ஒரு பழைய சோடா இயந்திரத்தைப் பிரித்துப் போட்டிருந்தார். காசு போட்டால் பாட்டில் தருகிற வகை, ஐம்பதுகளில் செய்தது, ஆள் உயரம். அதைப் பற்றியே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். தலைப்புகூட வைத்தாயிற்று: "வீட்டிலேயே சோடா இயந்திரத்தைப் புதுப்பிப்பது எப்படி?"

முதல் வரி இப்படி இருந்தது: "அலபாமாவின் ஜூன் மாத வெயிலில் குளிர்ந்த சோடா ஒன்றைப் போல"

அந்த வரியை நான் முடிக்கவே இல்லை. அப்படியே கிடக்கட்டும்.

2

ஹோரஸுக்கு அப்போது அறுபத்தாறு வயது. 2018. முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடங்களின் குளிர்சாதனங்களைப் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பின் நன்றாக ஓடுகிற பொருட்களையும் பிரிக்க ஆரம்பித்ததால், அவர் மனைவி எர்னஸ்டின் அவரைச் சமையலறைக்குள் விடுவதில்லை.

(முதல் பிரதியில் அவரை "உயரமான, அமைதியான மனிதர்" என்று எழுதியிருந்தேன். அவர் உயரமும் இல்லை, அமைதியும் இல்லை. திருகாணியோடுகூடப் பேசுவார். கதை மாந்தர்களைக் கம்பீரமாக்கும் கெட்ட பழக்கம் எனக்கு உண்டு.)

இருபது மைல் தள்ளி மூடிக்கிடந்த ஒரு பெட்ரோல் பங்கின் பின்கொட்டகையில் அந்த இயந்திரம் அவருக்குக் கிடைத்தது. காசுப் பெட்டிக்குள் குளவிக்கூடு. கதவின் ரப்பர் பட்டை பொடிப்பொடியாக உதிர்ந்தது. கம்ப்ரசர் உயிர்பெற ஐந்து வாரம் ஆயிற்று. உயிர்பெற்ற காலையில் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டார்.

"வாத்தியாரே, இங்க வா. காதை வச்சுக் கேளு."

நான் கல்லூரியில் கணக்குச் சொல்லித் தருகிறவன். பத்தொன்பது வருடமாக அவருக்குப் பக்கத்து வீடு. ஒருநாளும் என் பெயரைச் சொன்னதில்லை. இயந்திரத்தின் விலாவில் காதை வைத்தேன். பூனை தூங்குவது போல இருக்கிறது என்றேன்.

"பூனையா? என் மாமியார்ப்பா. கோவமில்லாத நாள்ல இப்படித்தான் இருக்கும்."

இனிப் பெயிண்ட்தான் பாக்கி. மேலே நீலம், அதற்கடியில் வெள்ளை, அதற்கும் அடியில் தொழிற்சாலை அடித்த சிவப்பு. அவருக்கு அந்தச் சிவப்பு வேண்டும். அதே நிறத்தைக் கலக்கி அடிக்க வேண்டும். அதனால் முரட்டுத்தனமாகச் சுரண்டாமல், மெல்லிய உப்புத்தாளால் நாளுக்கு ஓர் உள்ளங்கை அகலம் தேய்த்தார்.

3

ஒரு வியாழக்கிழமை, காசுத் துளைக்கு மேலே ஒரு சொல் வெளிவந்தது: "மட்டும்." அச்சுத்தகடு வைத்து அடித்த எழுத்து. சிவப்புக்கு மேல், வெள்ளைக்குக் கீழ். "சில்லறை மட்டும்" என்றிருக்கும் என்றார் ஹோரஸ். நானும் தலையாட்டினேன்.

வெள்ளிக்கிழமை மீதியும் தெரிந்தது. "வெள்ளையர்களுக்கு மட்டும்."

ஹோரஸ் உப்புத்தாளைக் கீழே வைத்தார். குழாயடியில் முழங்கை வரை கழுவினார். மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, இயந்திரத்தின் மேல் தார்ப்பாயைப் போட்டார். அன்று அவர் எதனோடும் பேசவில்லை. தார்ப்பாய் மூன்று வாரம் அப்படியே கிடந்தது.

[இங்கே வரலாறு பற்றி ஒரு பத்தி எழுதி நீக்கிவிட்டேன். பெட்டவே தம்பதி கறுப்பர்கள். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். அவர்களுக்கு அது தேவையில்லை. அந்த இரண்டு சொல்லே போதும் என்பதால் உங்களுக்கும் தேவையில்லை.]

மலர் ஆசிரியரிடம் தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னேன். நல்ல மனிதர். கொஞ்சம் யோசித்துவிட்டு, தீபாவளி மலராச்சே, அந்த எழுத்தை மட்டும் விட்டுவிட்டு மீதியைக் கொடுங்கள் என்றார். சரி என்றேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் சரி என்றுதான் சொன்னேன்.

4

தார்ப்பாயை எடுத்தவர் எர்னஸ்டின். ஒரு மதியம் எங்கள் இருவரையும் கொட்டகைக்குக் கூப்பிட்டு, இயந்திரத்தின் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அவர் சொன்னது இது.

1960, ஜூலை. அவருக்கு ஐந்து வயது. எழுத்துக் கூட்டத் தெரியாது. அப்பாவோடு காரில் போகும்போது ரேடியேட்டர் கொதித்துவிட்டது. ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தினார்கள். வாசலில் சிவப்பாக ஒரு சோடா இயந்திரம். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் பாட்டில்கள் ஒன்றின் மேல் ஒன்றாகப் படுத்திருந்தன. அவர் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தார். அப்பா குனிந்து, அந்த மிஷின் ரிப்பேர்மா என்றார். பங்கின் பின்பக்கம் கூட்டிப்போய், கார் கழுவுகிற குழாயைத் திறந்து, தன் இரண்டு கையிலும் தண்ணீர் பிடித்துக் கொடுத்தார்.

"அந்தப் பக்கம் எங்க போனாலும் சோடா மிஷின் ரிப்பேராத்தான் இருக்கும். எங்க ஊர்ல ரிப்பேர்காரங்களே கிடையாது போலன்னு நினைச்சேன். எழுத்துப் படிக்கக் கத்துக்கிட்ட அன்னிக்குத்தான் விஷயம் புரிஞ்சது."

ஹோரஸுக்கே இது அதுவரை தெரியாது. நாற்பது வருடக் கல்யாணம்.

5

இதை எழுதும்போது கை அரித்தது. அதே இயந்திரம் என்று எழுதிவிடலாமா? இரண்டாம் பிரதியில் எழுதினேன். ஐந்து வயதில் ஆசைப்பட்ட இயந்திரம் ஐம்பத்தெட்டு வருடம் கழித்து வீட்டுக்கே வந்து சேர்கிறது, வாசகர் உருகிவிடுவார். ஆனால் அது எந்த பங்க் என்று எர்னஸ்டினுக்கே நினைவில்லை. வெட்கத்தை விட்டு அவரிடமே கேட்டேன்.

"இதா இருந்தா என்ன, வேற ஒண்ணா இருந்தா என்ன, கண்ணு. அப்ப எல்லா மிஷினும்தான் ரிப்பேர்."

அந்தப் பிரதியைக் கிழித்துவிட்டேன்.

6

நான் தப்பிக்கப் பார்த்த பகுதி இது. கட்டுரையில் ஒரு வரி எழுதி அடித்திருந்தேன். அடித்ததைத் திரும்ப எழுதுகிறேன்:

எங்கள் ஊர் டீக்கடையில் உள்ளே கண்ணாடித் தம்ளர்கள் இருந்தன. வெளியே கம்பியில் அலுமினியத் தம்ளர்கள் தொங்கின. நான் கண்ணாடியில் குடித்தவன்.

பத்தொன்பது வருடத்தில் பெட்டவே தம்பதிக்கு எங்கள் ஊர் இட்லி, கோயில், கல்யாணம் எல்லாம் சொல்லியிருக்கிறேன். இதைச் சொன்னதில்லை. அன்று கொட்டகையில் சொன்னேன். ஹோரஸ் தரையைப் பார்த்தார். எர்னஸ்டின் என்னைப் பார்த்தார்.

"வெளிய நின்னு குடிச்சவங்கள்ல யாரு பேராவது உனக்குத் தெரியுமா?"

ஒருவன் பெயர் தெரியும். ஏழாம் வகுப்பில் என் பெஞ்சில் உட்கார்ந்தவன். செங்கோடன். பள்ளிக்கூடம் விட்டு ஒன்றாக நடந்து வருவோம். கடை வந்ததும் நான் உள்ளே போவேன், அவன் வெளியே நிற்பான். நான் ஒருநாளும் ஏன் என்று கேட்டதில்லை.

"அப்ப அவன் பேரையும் எழுது" என்றார். எழுதியாயிற்று. மலருக்கு இனி இது ஆகாது.

7

அதற்குப் பிறகு அவர்கள் இருவருக்கும் ஒரு வாரம் சண்டை. வேலி தாண்டிக் கேட்டது. தேய்த்து எடுத்துவிட வேண்டும் என்பது ஹோரஸ் கட்சி. பேரப்பிள்ளைகள் வருகிற வீடு. மனைவியை அவர் டீன் என்றுதான் கூப்பிடுவார்.

"இந்த வார்த்தைக்கு என் வீட்டு கரண்ட் கிடையாது, டீன். அவ்வளவுதான்."

"நீ அதைத் தேய்ச்சு எடுத்துட்டா எங்கப்பா சும்மா பொய் சொன்ன ஆளா ஆயிடுவாரு, ஹோரஸ். அவரு எதுக்குப் பொய் சொன்னாருன்னு சொல்ல அது ஒண்ணுதான் இருக்கு."

இந்த இடத்தில் நான் மூன்று முடிவுகள் எழுதினேன். முதலாவதில் ஹோரஸ் தேய்த்துவிடுகிறார், எர்னஸ்டின் மன்னிக்கிறார். இரண்டாவதில் இயந்திரம் அருங்காட்சியகத்துக்குப் போகிறது. அங்கே அதற்கு மின்சாரம் கொடுப்பதில்லை, உள்ளே குளிரும் இல்லை. மூன்றாவதில் எர்னஸ்டின் அந்த எழுத்துக்குக் கீழே தன் கையால் ஒரு வரி எழுதுகிறார். மூன்றையும் ஹோரஸிடம் படித்துக் காட்டினேன். மூன்றாவது நடக்காது, டீன் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும் என்றார்.

8

நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

எர்னஸ்டின் ஒன்றே ஒன்று கேட்டார். "எழுத்து அப்படியே இருக்கட்டும். அது பாத்துக்கிட்டே இருக்கணும், நான் அதுலேர்ந்து எடுத்துக் குடிக்கணும். ஒரு பாட்டில். அதுக்கப்புறம் என்ன பண்றதுன்னு நான் சொல்றேன்."

ஹோரஸ் ஒரு நாள் யோசித்தார். பிறகு மின்கம்பியைச் செருகினார். பீச் பழச் சோடா வாங்கி வந்து அடுக்கினார். சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு என்னையும் கூப்பிட்டார்கள். எர்னஸ்டின் சர்ச்சுக்குப் போகிறபோது போடுகிற மஞ்சள் உடையில் வந்தார். பத்து சென்ட் நாணயத்தைத் துளையில் போட்டார். உள்ளே ஏதோ தட்டி விழுந்தது. கதவைத் திறந்து பாட்டிலின் கழுத்தைப் பிடித்து இழுத்தார். வந்துவிட்டது. கொஞ்ச நேரம் அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு நின்றார்.

ஹோரஸ் முதுகைத் திருப்பிக்கொண்டு, ஒழுங்காகவே இருந்த ஒரு திருகாணியை இறுக்க ஆரம்பித்தார்.

எர்னஸ்டின் மூடியைத் திறந்து ஒரு வாய் குடித்தார். சர்க்கரை அதிகம் என்றார். இன்னொரு வாய் குடித்தார். நாற்காலியை இழுத்து அந்த எழுத்துக்கு நேர் எதிரே போட்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். எனக்கு ஒரு நாணயத்தை நீட்டினார், ஹோரஸுக்கும் ஒன்று. மூன்று பேரும் குடித்தோம். ஹோரஸ் மாமியாரைப் பற்றி ஏதோ சொல்ல, எர்னஸ்டின் சிரித்ததில் சோடா மூக்கில் ஏறிவிட்டது.

என் பாட்டில் காலியாயிற்று. ஹோரஸுடையதும் காலி. அவர் உப்புத்தாளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு மனைவியைப் பார்த்தார். என்ன முடிவு என்று நான் கேட்டேன். எனக்குக் கதை முடிய வேண்டும் அல்லவா.

எர்னஸ்டின் பாட்டிலை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிக் காட்டினார். பாதிக்கு மேல் இருந்தது.

"நான் இன்னும் குடிச்சு முடிக்கல" என்றார்.

நான் இங்கேயே நிறுத்திக்கொள்கிறேன். முடிவு தெரிய வேண்டுமென்றால் நீங்களும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். இடம் இருக்கிறது. அவரை அவசரப்படுத்த மட்டும் வேண்டாம்.