நெல்லறையும் கிணற்றுக் கட்டும்

“குரல் ஒடுங்கிக் கிடக்கிறது” என்று சொல்லி, போன வருஷம் வானொலிக்காரர் நான் நாடாவில் பதிந்து அனுப்பிய பாட்டைத் தள்ளிவிட்டார்கள். ஒடுங்கிய குரலாம்! கண்டாவளை வயலில் நின்று நான் கூப்பிட்டால் வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் மேய்கிற எருமையும் திரும்பிப் பார்க்கும். அன்று தொடக்கம் எனக்கு வயிறெரிச்சல். இந்த முறையும் தள்ளினால் பிறகு என்னைக் கேட்கவே மாட்டார்கள்.

முல்லைத்தீவுக் கருவாட்டு வியாபாரி ஜமால்தீன் நானாவிடம் பட்டரியில் ஓடும், பாட்டைப் பதிகிற ரேப் ரெக்கோடர் ஒன்று இருந்தது. கொழும்புக்குப் போகிற வழியில் லொறியை எங்கள் படலையில் நிறுத்தி, அதைத் தூக்கிக்கொண்டு வந்தார். பாடிக் கொடுத்தால் நாடாவை அவரே வானொலியில் சேர்ப்பார்.

இடம் பார்த்தவர் என் கணவர் கதிர்காமநாதன். கதிரைச் சூடடித்து முடித்த கையோடு நெல் மூட்டைகளை முகடுவரை அடுக்கிய அறை. யன்னலுக்கும் சாக்குத் தொங்கவிட்டிருந்தார்.

“காகம் கத்தினாலும் கேளாது” என்று அவருக்குப் பெருமை.

பாடினேன். நானா போட்டுக் காட்டினார். தலையணைக்குள் முகத்தைப் புதைத்துப் பாடியதுபோல இருந்தது.

“ஒரு பிழையும் இல்லையே, வடிவாத்தானே கிடக்கு” என்றார் கணவர். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனேன். இருந்த கோபத்தில் கயிறு கைநழுவி வாளி உள்ளே விழுந்தது.

“சனியனே!” என்று கத்தினேன்.

கிணறு அதை உருட்டித் திரட்டித் திருப்பித் தந்தது. குனிந்து பாட்டின் முதல் வரியைப் பாடினேன். என் குரல் கல்லில் மோதி நாலு பக்கமும் சுற்றி மேலே ஏறி வந்தது. அப்போதுதான் விளங்கியது: மூட்டைகள் என் குரலைத் தின்றுவிட்டிருந்தன.

“இஞ்சாருங்கோ! மைக்கைத் தூக்கிக்கொண்டு ஓடி வாங்கோ!”

இருவரும் ஓடி வந்தார்கள். கிணற்றடியில் திரும்பப் பாடப் போகிறேன் என்று சொன்னதும் கணவரின் முகம் மாறியது. “இருக்கிறது ஒரே நாடா. திரும்பப் பாடினால் முதல் பாடினது அழிஞ்சுபோம். இருக்கிறதை விட்டிட்டுப் பறக்கிறதைப் பிடிக்கப் போறியோ?”

“அழியட்டும்.”

மைக்கை வேறொரு கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கிப் பாடினேன். போட்டுப் பார்த்தால் வெறும் முழக்கம். ஒரு சொல்லும் விளங்கவில்லை. பழைய பாட்டும் போய்விட்டது. கணவர் தலையில் கை வைத்தார்.

“பட்டரி இறங்குது தங்கச்சி, இன்னும் ஒருக்காத்தான் ஏலும்” என்றார் நானா.

சொல் கிட்டவும் முழக்கம் தூரவும் கேட்க வேண்டும், அவ்வளவுதானே? மைக்கை மேலே இழுத்து, கிணற்றுக் கட்டின்மேல் என் வாய்க்குக் கிட்ட வைத்தேன். கிணற்றைப் பார்த்துக் குனிந்து, இரணைமடுக் குளத்துத் தண்ணீர் வயலுக்கு வருவதைப் பற்றி நானே கட்டிய பாட்டைப் பாடத் தொடங்கினேன். நடுவில் அடுத்த காணிப் பத்மாசனி குடத்தோடு வந்தா. கையைக் காட்டினேன். குடம் இடுப்பில் இருக்க, பாட்டு முடியும்வரை அவா மூச்சுக்கூட விடவில்லை.

நானா நாடாவைப் பின்னுக்குச் சுற்றிப் போட்டுக் காட்டினார்.

சொற்கள் முன்னால் தெளிவாக நின்றன. பின்னால் முழக்கம் ஒரு பெரிய மண்டபமாய் விரிந்தது. கிளிநொச்சி முழுக்கத் தேடினாலும் அப்படி ஒரு மண்டபம் கிடையாது. சந்தோஷத்தில் எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை.

“இது நீயோ?” என்றார் கணவர்.

“பின்னை ஆர், கிணத்து மோகினியோ?”

அவர் சிரிக்கவில்லை. “போன முறையும் நான்தானே உன்னை அந்த நெல்லறைக்குள்ளை விட்டனான்” என்றார்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், நிம்மதிதான் வந்தது. ஒரு வருஷமாக உள்ளுக்குள் என் தொண்டையையல்லவா நான் நொந்துகொண்டிருந்தேன்!

படலையில் லொறிக்காரன் ஹோர்ன் அடித்தான்.

“நானா, இன்னொருக்காப் போடுங்கோ” என்றேன்.

பட்டரி செத்து, என் குரல் இழுபட்டு ஆம்பிளைக் குரலாகும்வரை நாங்கள் நாலு பேரும் கிணற்றடியில் நின்று கேட்டோம்.