பச்சை விளக்கு அணையும் நேரம்

எங்கள் சால்த்தோ ஊரில் இறைச்சிக்கடை வால்த்தரைப் பற்றி யாரைக் கேட்டாலும் இரண்டு விஷயம் சொல்வார்கள். விலா எலும்பை அவரைப் போல வெட்ட ஆள் கிடையாது. அவருடைய மனைவி நீபியாவிடம் எவனாவது கொஞ்சம் கூடுதலாகச் சிரித்துப் பேசினால், அடுத்த முறை அவனுக்குக் கொழுப்பும் ஜவ்வும்தான் கிடைக்கும். நான் அவருக்குப் பக்கத்துக் கடையில் ரொட்டி சுடுகிறவன். எத்தனையோ வருஷம் ஒரே குடுவையில் மாத்தே என்கிற இலைத்தேநீர் குடித்த சிநேகம் எங்களுடையது. எனக்கே ஜவ்வு கிடைத்திருக்கிறது.

நீபியா அவருக்கு இரண்டாம் தாரம். முதல் மனைவி இறந்தபின் அவரும் மகள் ரொமினாவும்தான் அந்த வீட்டில் இருந்தார்கள். ரொமினாவைத் தேடி ஃபாபியான் என்றொரு பையன் வர ஆரம்பித்தான். ஒரு மாலை வால்த்தர் கையிலிருந்த கத்தியைக்கூடக் கீழே வைக்காமல் அவனைத் தெருமுனை வரை துரத்தினார். தெருவே வேடிக்கை பார்த்தது. சில நாட்களிலேயே ரொமினா அதே பையனோடு தலைநகர் மொந்தெவிதேயோவுக்குப் பேருந்து ஏறிவிட்டாள். அதன்பிறகு அப்பாவுக்கும் மகளுக்கும் பேச்சே இல்லை. அவர் அவள் பெயரை எடுப்பதில்லை. நாங்கள் எடுத்தாலும் பேச்சை மாற்றிவிடுவார். வீடு காலியாகிவிட்ட அந்த நாட்களில்தான் நீபியாவைக் கட்டிக்கொண்டார். அவரைவிட நல்ல இளையவள். ஒரு வக்கீல் அலுவலகத்தில் பத்திரங்கள் தட்டச்சு செய்து கொண்டிருந்தாள்.

வீட்டில் இன்டர்நெட் இருந்தால் மதியத்துக்குமேல் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று சில வருஷம் கழித்து ஒரு குளிர்காலத்தில் வக்கீல் அவளிடம் சொன்னார். மனைவி வீட்டிலேயே இருப்பாள் என்றதும் வால்த்தர் உடனே சம்மதித்துவிட்டார். மோடம் வாங்க எங்கே போவது என்பதில்தான் சிக்கல். ஊரில் அந்தச் சாமான் விற்கிறவன் ஏபெர் ஒருவன்தான். கல்யாணத்துக்கு முன்னால் திருவிழா நடனத்தில் நீபியாவோடு ஆடியவன் அவன். அது வால்த்தருக்கும் தெரியும்.

இருவரும் சேர்ந்தே போனார்கள். ஏபெர் இரண்டு பெட்டிகளை மேஜைமேல் வைத்தான்.

"இது சாதா. ஒரே ஒரு கம்ப்யூட்டர்தான் மாட்டலாம், அதுவும் ஒயர் எட்டற தூரத்துக்குள்ள. இது ஆன்டெனா வச்சது, வீடு பூரா வரும். நீபியா, நீ கட்டில்ல சாஞ்சுக்கிட்டே வேலை பார்க்கலாம்."

வால்த்தரின் காது சிவந்தது. "என் பொண்டாட்டி கட்டில்ல எப்படிச் சாயணும்னு உன்கிட்டயா கேட்டேன்?"

"கிழவா, அவன் மோடத்தப் பத்திப் பேசறான்" என்று நீபியா சிரித்தாள்.

"எனக்குத் தெரியும் அவன் எதப் பத்திப் பேசறான்னு. ஒயர் வச்சதே போதும், எடு."

ஏபெர் ஆன்டெனா பெட்டியை எடுத்து உள்ளே வைத்தான். "வீட்டுல எத்தனை போன் இருக்குண்ணே?"

"ரெண்டு. கடையில ஒண்ணு, கூடத்துல ஒண்ணு."

"அப்ப ரெண்டு ஃபில்டர். ஒவ்வொரு போனுக்கும் ஒண்ணு மாட்டணும். ஃபில்டர் இல்லாத போன எடுத்தீங்கன்னா இன்டர்நெட் அப்படியே அறுந்துடும். நான் வேணா சாயங்காலம் வந்து மாட்டித் தரட்டுமா?"

"என் வீட்டுக்கு வழி எனக்கே தெரியும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வால்த்தர் தரையில் முழங்காலிட்டே கிடந்தார். மோடத்தில் மின்சாரம் வந்ததைக் காட்டும் விளக்கு எரிந்தது. ஆனால் தொலைபேசி லைன் வந்ததைக் காட்டும் பச்சை விளக்கு மட்டும் விட்டுவிட்டுச் சிமிட்டியதே தவிர நிலையாக நிற்கவில்லை. வேலை தெரியாதவன் பொருளை விற்றிருக்கிறான் என்று ஏபெரைத் திட்டினார். கடைசியில் நீபியா தொலைபேசி அலுவலகத்தின் உதவி எண்ணைக் கூப்பிட்டாள். மறுமுனையில் இருந்த பெண் ஒரே கேள்விதான் கேட்டாள்.

"மோடத்தையும் ஃபில்டர்லதான் மாட்டியிருக்கியாம்" என்றாள் நீபியா, ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு. "போனுக்குத்தான் ஃபில்டராம். மோடத்துக்கு சுவத்துலேர்ந்து நேரா வரணுமாம்."

"அத அந்தப் பய சொல்லவே இல்லையே!"

"சொல்றதுக்கு நீ வீட்டுக்குள்ள விட்டாத்தானே."

ஒயரை மாற்றி மாட்டியதும் பச்சை விளக்கு நின்று எரிந்தது. நீபியா காகிதத்தைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகப் படிக்க, வால்த்தர் தடித்த விரலால் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் தட்டினார். முதல் பக்கம் திரையில் வந்தபோது, தான் ஒரு பசுவுக்குப் பிரசவம் பார்த்தது போல இருந்தது என்று மறுநாள் என்னிடம் சொன்னார்.

இன்டர்நெட் நீபியாவின் வேலைக்காக வந்தது. ஆனால் மதியம் கடையை மூடிவிட்டு ஊரே தூங்குகிற நேரத்தில் அதன் முன்னால் உட்கார்ந்தவர் வால்த்தர்தான். யார் யாரோடோ த்ரூக்கோ சீட்டு ஆடக் கற்றுக்கொண்டார். நீபியாவும் அந்த நேரத்தில் துணி துவைக்கக் கொல்லைப்புறக் கொட்டகைக்குப் போய்விடுவாள்.

சில வாரம் போனபின் ஒரு தொந்தரவு ஆரம்பித்தது. நல்ல கை வந்திருக்கும்போது ஆட்டம் பாதியில் நின்றுவிடும். பச்சை விளக்கு அணைந்திருக்கும். கொஞ்ச நேரம் கழித்துத் தானாக எரியும். தினமும் இல்லை, வாரத்தில் ஓரிரு நாள், அதுவும் மதியத்தில்தான். வால்த்தர் மோடத்தைத் தூக்கிக்கொண்டு நேராக ஏபெரிடம் போனார்.

ஏபெர் அதைத் தன் லைனில் மாட்டிப் பார்த்தான். விளக்கு அசையாமல் எரிந்தது.

"மோடம் நல்லாத்தான் இருக்குண்ணே. வீட்டுல ஃபில்டர் இல்லாத போன் ஏதோ ஒண்ணு இருக்கு. யாரோ அத எடுக்கறாங்க. வெச்சதும் திரும்ப எரியுது."

"ரெண்டு போன்தான்னு சொன்னேனே."

"அப்ப நீபியாகிட்ட ஒரு வார்த்த கேட்டுப் பாருங்க."

இதை ஏபெர் சாதாரணமாகத்தான் சொன்னான். ஆனால் 'நீபியாகிட்ட' என்று அவன் சொன்ன விதத்தில் ஏதோ இருந்ததாக வால்த்தருக்குப் பட்டது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதே நினைப்பு. வாசலுக்கு வந்தபோதுதான் கொட்டகை ஞாபகம் வந்தது. சாசேஜ் போட்டுக்கொண்டிருந்த காலத்தில் அங்கே சுவரில் ஒரு போன் மாட்டியிருந்தார். அது செத்துப்போய் வருஷக்கணக்காகிறது என்று நினைத்திருந்தார்.

நீபியா அலுவலகத்தில் இருந்தாள். அவர் கொட்டகைக்குள் போய்ப் பார்த்தார். அந்தச் சுவரில் தொங்கிய அரிவாள், பழைய தராசு, சங்கிலி எல்லாவற்றின் மேலும் விரல் கனத்துக்குத் தூசி. போனின் ரிசீவர் மட்டும் பளபளவென்று இருந்தது. காதில் வைத்தார். உயிரோடுதான் இருந்தது.

அந்தச் சில நாட்கள் எப்படிப் போயின என்பதை நான் கண்ணால் பார்த்தேன். எலும்பை வெட்டும்போது பலகையும் சேர்ந்து பிளந்தது. ஏபெரின் அம்மா கறி வாங்க வந்தபோது அவர் அவளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கூடத்தில் போன் இருக்க, ஒரு பெண் எதற்காகக் கொட்டகையில் நின்று பேச வேண்டும்? அவர் நீபியாவிடம் ஒன்றுமே கேட்கவில்லை. அவளுடைய புதுச் சட்டையைப் பார்த்தார். அவள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு சமைப்பதைப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் ஒரே அர்த்தம்தான் இருப்பதாக அவருக்குத் தோன்றியது. மதியமானால் சீட்டாட்டத்தைத் திறந்து வைத்துவிட்டு மோடத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வியாழக்கிழமை மதியம் விளக்கு அணைந்தது.

எழுந்து, மூச்சை அடக்கி, கூடத்துப் போனை மெதுவாக எடுத்தார்.

"...ராத்திரி பூரா ஒரே இருமல். இப்பத்தான் கண்ண மூடினான்" என்றது ஒரு பெண் குரல்.

"வெங்காயத்த ரெண்டா நறுக்கித் தலைமாட்டுல வை, கண்ணு" என்றாள் நீபியா.

"போன தடவ வெச்சேனே. ரூம் பூரா சாசேஜ் கடை மாதிரி நாறுதுன்னு ஃபாபியான் கத்தினான்."

இரண்டு பெண்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில்தான் வால்த்தருக்கு அடையாளம் தெரிந்தது. அவருடைய முதல் மனைவியும் அப்படித்தான் சிரிப்பாள், கடைசியில் மூச்சு வாங்கி. ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அப்பா எப்படி இருக்காரு?"

"அப்படியேதான். சீட்டுல தோத்தா கம்ப்யூட்டரத் திட்டறாரு. கம்ப்யூட்டருக்கு ஸ்பானிஷ் புரியாதுன்னு எவ்வளவோ சொல்லிட்டேன்."

"நான் பேசறது தெரிஞ்சா உன்னையும் திட்டுவாரு."

"தெரியாது. நீ சாப்பிட்டியா? லௌதாரோவுக்கு அந்த மருந்து ஒத்துக்குச்சா?"

லௌதாரோ. பேரன். அப்படி ஒருவன் இருப்பதே வால்த்தருக்கு அந்த நிமிஷத்தில்தான் தெரிந்தது. அவனுக்கு என்ன மருந்து ஒத்துக்கொள்ளும் என்பதுவரை நீபியாவுக்குத் தெரிந்திருந்தது.

ரிசீவரை வைத்தபோது சத்தம் வந்திருக்க வேண்டும். துணிக்கூடையோடு நீபியா வெளியே வந்தபோது அவர் கொட்டகை வாசலில் நின்றிருந்தார். அவள் கூடையைக் கீழே வைத்தாள்.

"எவ்வளவு காலமா?"

"நம்ம கல்யாணமாகி மறு வருஷத்துலேர்ந்து. நீ மாடு பார்க்கப் போயிருந்த. உன்னக் கேட்டுத்தான் கூப்பிட்டா. நீ இல்லன்னதும் அழ ஆரம்பிச்சிட்டா. முகம் தெரியாத பொண்ணு, நான் என்ன செய்வேன்? பேசிக்கிட்டே இருந்தேன். அப்புறம் காலிங் கார்டு வாங்கி நானே கூப்பிட ஆரம்பிச்சேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லாதேன்னு கேட்டுக்கிட்டா. சொன்னா நீ கத்தியோட பஸ் ஏறிடுவேன்னு பயம். நான் யாரோட பேசறேன்னு நெனச்ச? ஏபெர்னா?"

அவர் கூடையிலிருந்த துணியைப் பார்த்தார்.

"ஏபெர்னுதான் நெனச்சிருக்க!" அவள் கூடையைக் காலால் தள்ளினாள். "இத்தன வருஷம் உன்கூட இருந்திருக்கேன்."

"ஏபெரா இருந்திருந்தாலே தேவலாம் போல இருக்கு" என்றார் வால்த்தர். "அவன என்ன பண்ணணும்னு எனக்குத் தெரியும்."

அன்று இரவு அவர்கள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. மறுநாள் அவர் என் கடைக்கு வந்து மாவு மூட்டைமேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். கட்டிய மனைவிமேல் அவர் சந்தேகப்பட்டு நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். இது அது இல்லை.

"என் பொண்ணு அவகிட்ட சிரிக்கிறாப்பா. புள்ளைக்கு இருமல்னு அவகிட்ட சொல்றா. நான் பெத்தவன். எனக்கு ஒண்ணுமே தெரியல. பொறக்கறதுக்கு முன்னாடியே அவன் பேரு இவளுக்குத் தெரிஞ்சிருக்கும். இவ முகத்தப் பார்க்கவே பிடிக்கல எனக்கு."

"நீபியா என்ன தப்பு செஞ்சா?"

"ஒண்ணும் செய்யல. அதான் தாங்க முடியல."

ஒரு வாரம் அப்படியே போனது. நீபியா மதியம் கொட்டகைப் பக்கமே போகவில்லை. பச்சை விளக்கு ஒருமுறைகூட அணையவில்லை. அதைப் பார்க்கப் பார்க்க வால்த்தருக்கு வேறு பயம் வந்தது. மொந்தெவிதேயோவில் ஒரு பிள்ளைக்கு இருமல் நின்றதா இல்லையா என்று இப்போது அந்த வீட்டில் யாருக்குமே தெரியாது. சனிக்கிழமை கடையைப் பாதியில் மூடிவிட்டு ஏபெரிடம் போனார்.

"ஒரு ஃபில்டர் குடு."

"மூணாவது போன் இருக்காண்ணே?"

"இருக்கு. என் பொண்ணோட பேசறதுக்கு" என்றார் வால்த்தர். மகளைப் பற்றி வெளியாள் ஒருவனிடம் அவர் வாய்திறந்தது அன்றுதான். ஏபெர் எடுத்துக் கொடுத்தான்.

கொட்டகைப் போனுக்கு அதைத் தானே மாட்டினார். பிறகு சமையலறைக்குப் போய், வாணலியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இனிமே லைன் அறுந்துபோகாது. நீ எப்ப பேசறேன்னு எனக்குத் தெரியாது. பேசு. அவனுக்கு இருமல் நின்னுச்சான்னு மட்டும் சொல்லு."

நீபியா அடுப்பை அணைத்துவிட்டு நேராகக் கொட்டகைக்குப் போனாள்.

அதன்பிறகு பல மதியங்கள் அவர் கூடத்தில் உட்கார்ந்து த்ரூக்கோ ஆடித் தோற்றார். விளக்கு அணையாததால் அவள் பேசுகிறாளா, துவைக்கிறாளா என்று தெரியவில்லை. எழுந்து போய் ரிசீவரைத் தொட்டுவிட்டுத் திரும்பியதும் உண்டாம். ஒருமுறைகூட எடுக்கவில்லை என்று என்னிடம் சொன்னார். நான் நம்புகிறேன்.

ஆரஞ்சு மரங்கள் பூத்த பிறகு ஒரு மதியம் நீபியா கொல்லையிலிருந்து கூப்பிட்டாள். "கிழவா, இங்க வா. உன்னோட பேசறாளாம்."

வால்த்தர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே போனார். ரிசீவரை வாங்கிக் காதில் வைத்தார்.

"அப்பா" என்றாள் ரொமினா.

"ம்."

"இங்க கறி நல்லாவே இல்லப்பா."

"மொந்தெவிதேயோக்காரனுங்களுக்கு வெட்டத் தெரியாது" என்றார். "ஃபாபியான் நல்லா இருக்கானா?"

"இருக்கான். உங்க பேரச் சொன்னா இன்னும் கதவுப் பக்கம் பார்க்கறான்."

அவருக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அதற்குள் மறுமுனையில் ஏதோ இழுபறி, பிறகு காதுக்குள் ஒரு சின்ன மூச்சு.

"லௌதாரோ" என்றார் வால்த்தர், முடிந்தவரை மென்மையாக. "நான் தாத்தா பேசறேன்."

பிள்ளை கொஞ்சம் யோசித்தான். "நீபியா எங்க?"

வால்த்தரின் முகம் சுருங்கியதை நீபியா பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் ரிசீவரை அவளிடம் நீட்டினார். ஆனால் அங்கிருந்து போகவில்லை. பிள்ளை என்ன சொல்கிறான் என்று கேட்பதற்காக அவள் தோளோடு தோள் ஒட்டி, ரிசீவரின் மறுபக்கத்தில் தன் காதை வைத்துக்கொண்டு நின்றார்.