ஆடும் படத்துக்கு நாலு வைத்தியர்

மனைவி இறந்துபோன எட்டாம் நாள் டிவி ஆடத் தொடங்கியது. முதலில் படத்தின் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு ஓடியது. பிறகு செய்தி வாசிப்பவரின் தலை ஒரு பக்கமும் கழுத்து ஒரு பக்கமுமாகப் போயின. கூடவே, காய்ந்த சருகை மிதிப்பது போலச் சடசடவென்று ஒரு சத்தம். மூன்று மாதமாகப் புரூஃப் ரீடர் அதோடுதான் குடித்தனம் நடத்தினார். அச்சகத்தில் முப்பத்தைந்து வருடம் அடுத்தவர் எழுத்தில் பிழை பார்த்தவர் அவர். வீட்டுச் சாமானில் அவர் கை வைத்தால் பிழை இரட்டிப்பாகும் என்பது மனைவியின் தீர்ப்பு.

மகள்தான் பொறுமை இழந்தாள். புது டிவிக்குச் சொல்லிவிட்டாள். சனிக்கிழமை நாலு மணிக்கு வண்டி வரும். புதியதை மாட்டிவிட்டுப் பழையதைத் தூக்கிக்கொண்டு போய்விடும்.

"இது இருக்கட்டும்மா," என்றார்.

"எதுக்குப்பா? இதப் பாத்துப் பாத்துக் கண்ணே போயிடும்."

ஓய்வு பெற்ற நாளிலிருந்து பதினோரு வருடம், மத்தியானம் மூன்றரை மணித் தொடரை அவரும் மனைவியும் இந்தப் பெட்டியில்தான் பார்த்தார்கள். சண்டை போட்டார்கள் என்றால் இன்னும் சரியாக இருக்கும். "இப்ப யாரு வந்தது? அழுவறது மாமியாரா, மருமகளா?" என்று நிமிடத்துக்கு ஒரு தரம் கேட்பாள். "கண்ணு எங்க இருக்கு உனக்கு?" என்று இவர் எரிந்து விழுவார். அந்தக் கேள்வியைக் கேட்ட பெட்டி போய்விட்டால் வீட்டில் அவளுடைய குரலுக்குச் சாட்சியே இருக்காது. இதை மகளிடம் எப்படிச் சொல்வது?

"சரி. நாலு மணிக்குள்ள சரியாச்சுன்னா இருக்கட்டும்," என்று கெடு வைத்தாள் மகள்.

முதல் வைத்தியர் மருமகன். செல்போனில் ஏதோ தேடிப் படித்துவிட்டு, "மாமா, இது சாஃப்ட்வேர் பிரச்சனை," என்றான்.

"இந்த டப்பாவுல சாஃப்ட்வேர் இருக்கா மாப்பிள்ளை?"

"இல்ல. அதான் பிரச்சனை."

அடுத்து எதிர்வீட்டு இன்ஜினியர். பாலம் கட்டிப் பேர் வாங்கியவர். பெட்டியின் தலையில் இரண்டு தட்டு தட்டினார். சுவரில் காதை வைத்துக் கண்ணை மூடினார். "லாரி போற அதிர்வு. ரோட்டத்தான் மாத்தணும்."

"நாலு மணிக்குள்ளயா அங்கிள்?" என்றாள் மகள்.

மூன்றாவதாக டிவி மெக்கானிக். அவர் ஒருவர்தான் கேட்க வேண்டியதைக் கேட்டார். "பிளக் எங்க சார் இருக்கு?"

எல்லோரும் ஒற்றை ஆள் சோபாவைப் பார்த்தார்கள். வயர் அதன் அடியில் போய் மறைந்தது. கைப்பிடியின் மேல் அவளுடைய மூக்குக்கண்ணாடிக் கூடு வைத்தபடி இருந்தது. மூன்று மாதமாக அதில் யாரும் உட்காரவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள்கூட அதைச் சுற்றிக்கொண்டு போய்த் தரையில் உட்கார்ந்தார்கள்.

"அது அத்தை உக்கார்ற இடம்," என்று மருமகன் குரலைத் தாழ்த்தினான்.

"பிளக் நல்லாத்தான் இருக்கும்," என்றார் புரூஃப் ரீடர், பாராமலே.

மெக்கானிக் பயபக்தியோடு இரண்டடி பின்வாங்கி, டிவியின் முதுகைக் கழற்றினார். அரை மணி நேரம் தூசி தட்டினார். "உள்ள எல்லாம் நல்லாதான் சார் இருக்கு. ஆனா வயசாயிடுச்சு." சொல்லும்போது அவர் டிவியைப் பார்க்கவில்லை, புரூஃப் ரீடரைப் பார்த்தார்.

மூன்றே முக்காலுக்கு அவருடைய அக்கா வந்தாள். உடம்புக்கு ஏற்ற குரல் அவளுக்கு. தம்பி மனைவியோடு இருபது வருடம் முகம் கொடுத்துப் பேசாதவள். படியேறி வந்த மூச்சிரைப்பில், யாரும் வாய் திறப்பதற்குள், அந்தச் சோபாவில் தொப்பென்று விழுந்தாள்.

"அத்தை, அது அம்மாவோட…" என்று மகள் பதறினாள்.

அந்த நொடியில் சடசடப்பு அடங்கியது. தொடரின் மாமியார் முழு முகத்தோடு திரையில் நின்றாள்.

"ஓ, உங்கம்மா இடமா? நான் உக்காரக் கூடாதாக்கும்," என்று அக்கா எழுந்தாள். மாமியாரின் தலை பறந்தது.

"ஐயோ, உக்காருங்க அத்தை."

உட்கார்ந்தாள். தலை திரும்பி வந்தது. இப்படி மூன்று தரம் அவளை உட்கார வைத்தும் எழுப்பியும் பார்த்தார்கள்.

"உன் பொண்டாட்டி ஒருநாளும் எனக்குப் பயந்ததில்ல. டிவியாவது பயப்படுதேடா," என்றாள் அக்கா, திருப்தியாக.

மெக்கானிக் குனிந்து பார்த்தார். சோபாவின் அடிப்பக்கம் தொய்ந்துபோயிருந்தது. ஆள் உட்கார்ந்தால் அது கீழே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இருந்த பிளக்கை அமுக்கிப் பிடித்தது. ஆள் இல்லையென்றால் பிளக் ஆடியது. அந்த பாக்ஸை அங்கே ஒளித்தவள் மனைவிதான். வர்றவங்க நம்ம மூஞ்சியப் பாக்கட்டும், வயர எதுக்குப் பாக்கணும் என்பாள். இவர்கள் காட்டிய மரியாதையைத்தான் டிவி தாங்கவில்லை.

"புது பாக்ஸ் போட்டா போதும் சார்."

"இருங்க," என்றார் புரூஃப் ரீடர். திருத்தியதை இன்னொரு முறை படித்துப் பார்க்காவிட்டால் அவருக்கு ஆகாது. அக்காவை எழுப்பிவிட்டு, அந்தச் சோபாவில் முதல் முறையாக உட்கார்ந்தார்.

ஒன்றும் தெரியவில்லை. ஜன்னல் வெயில் திரை முழுக்க அடித்தது. அதில் நாலு ஜன்னல் கம்பிகளும் ஒரு கிழவனும்தான் தெரிந்தார்கள். யாரோ அழுதார்கள். மாமியாரா, மருமகளா, தெரியவில்லை.

"இங்க வெளிச்சம் அடிக்குதுங்க," என்று மனைவி முன்பு ஒரு தரம் சொல்லியிருந்தாள். "கொஞ்சம் சாஞ்சு உக்காரு," என்று அவர் விஷயத்தை முடித்துவைத்தார். அதற்கப்புறம் பதினோரு வருடம் அவள் கேள்வி மட்டும்தான் கேட்டாள்.

வாசல் மணி அடித்தது. இரண்டு ஆட்கள், பெரிய அட்டைப்பெட்டி.

"சரியாயிடுச்சேப்பா. திருப்பி அனுப்பிடவா?"

"அனுப்பிடு. வந்ததுக்கு அந்த டிவி மேஜைய மட்டும் இந்தப் பக்கமா கொஞ்சம் திருப்பிட்டுப் போகச் சொல்லு."

திருப்பினார்கள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"பாக்ஸ் மாத்திடவா சார்?" என்றார் மெக்கானிக்.

"வேணாம். நான் உக்காந்துக்கறேன்."

எல்லோரும் போனபின் அக்கா அவருடைய பழைய நாற்காலியில் சாய்ந்தாள். வெயில் இப்போது அந்தப் பக்கத்துக்குத்தான். கண்ணைச் சுருக்கி இரண்டு நிமிடம் பார்த்தாள்.

"யாருடா இப்ப வந்தது? அழுவறது யாரு?"

கண்ணு எங்க என்பது நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினார்.

"மருமக," என்றார். "மாமியார் கதவுக்குப் பின்னாடி நிக்கறா. கையில ஒரு கடுதாசி இருக்கு."

"அப்புறம்?"

"இரு அக்கா, சொல்றேன்."