கடைசிக் கட்டத்து வசனம்

சுமிரேக்கு ஓட்டை வாய் என்பது பள்ளிக்கூடம் முழுக்கப் பிரசித்தம். கணக்கு வாத்தியாருக்குக் கல்யாணம் நிச்சயமான சேதி அவருடைய அம்மா காதுக்குப் போவதற்குள் மூன்றாம் மாடி வரை போய்விட்டது, எல்லாம் இவள் புண்ணியம். இன்னொன்றிலும் அவள் பேர்போனவள். பையனும் பையனும் காதலிக்கிற காமிக்ஸ் எது வந்தாலும் முதலில் படிப்பது அவள்தான். கடைக்காரர் போட்டுத் தரும் காகித அட்டையைக் கழற்றாமலே ரயிலில் வைத்துப் படிப்பாள். முகம் மட்டும் சரித்திரப் பாடம் படிக்கிற மாதிரி இருக்கும். கள்ளி!

பள்ளி விழாவுக்குக் காமிக்ஸ் மன்றம் போடும் இதழில் இந்த வருஷம் அவள் கதை. கூடைப்பந்து ஆடும் இரண்டு பையன்களின் காதல். பென்சிலில் வரைவது சுமிரே. மை போடுவதும் வசனம் எழுதுவதும் ரிகுதோ. சின்ன வயதிலிருந்தே பக்கத்து வீட்டுக்காரன், மன்றத்தில் இருக்கும் ஒரே பையன். அதிகம் பேச மாட்டான். ஆனால் அவன் கோடு இழுத்தால் தலைமுடி காற்றில் ஆடும்.

"நம்ம ஸ்கூல்ல நிஜமா இப்படி யாராச்சும் இருப்பாங்களாடி?" என்று ஒருநாள் கேட்டாள் மன்றத் தலைவி வகாபா.

"சேச்சே! இதெல்லாம் பேப்பர்லதான். இருந்தா எனக்குத் தெரியாமப் போயிடுமா? நான் இதைக் கரைச்சுக் குடிச்சவ!"

எல்லோரும் சிரித்தார்கள். ரிகுதோ பேனா முள்ளைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

அச்சுக்குக் கொடுக்க வேண்டிய நாள். பக்கங்களைப் புரட்டிய சுமிரேக்குத் திக்கென்றது. எல்லாம் முடிந்திருந்தது, கடைசிக் கட்டத்து வசனம் மட்டும் காலி.

"என்னடா, தூங்கிட்டியா? 'எனக்கு ஒண்ணும் ஆம்பளைங்களைப் பிடிக்காது, உன்னை மட்டும்தான் பிடிக்கும்.' இதானே வசனம்? எல்லாக் கதையிலயும் வர்றதுதானே!"

"அதான் எழுத வரல. ஆம்பளைங்களைப் பிடிச்சா என்ன தப்பாம்?"

"யாருக்குடா?"

"எனக்கு."

அறையில் அவர்கள் இருவர்தான். சுமிரே கையிலிருந்த பக்கங்களைக் கீழே வைத்தாள். அத்தனை புத்தகம் படித்தும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனைத் தெரியவில்லையே! வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அன்னிக்கு நான் சொன்னது... வலிச்சுதாடா?"

"ம்."

"எனக்கு அறிவே இல்ல."

"அது தெரிஞ்ச விஷயம்தானே," என்று சிரித்தான். "சுமிரே, யார்கிட்டயும்..."

மீதியை அவன் முடிக்கவில்லை. அவள் வாயைப் பற்றி அவனுக்குத் தெரியாதா என்ன.

அவள் அந்தத் தாளை அவன் பக்கம் தள்ளினாள். "நீயே எழுது. அவன் என்ன சொல்லணுமோ, அதை."

மை காய்வதற்குள் வகாபா மூவருக்கும் நூடுல்ஸ் திணித்த பன் வாங்கிக்கொண்டு வந்து நின்றாள். தாளை எடுத்து உரக்கப் படித்தாள்: "'எனக்குப் பையன்களைத்தான் பிடிக்கும். அதுலயும் உன்னை ரொம்பப் பிடிக்கும்.' அட, நிஜமாவே ஒருத்தன் சொன்ன மாதிரி இருக்கே! யார்டி அது? சொல்லுடி, உன் வாயிலதான் எதுவும் நிக்காதே!"

ரிகுதோ மைப் புட்டியின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தான். அது எப்போதோ மூடியாகிவிட்டது.

சுமிரேக்குப் பேர் தொண்டை வரை வந்துவிட்டது. சட்டென்று ஒரு பன்னை எடுத்து முழுசாக வாயில் திணித்துக்கொண்டாள். கண்ணில் நீர் முட்ட முட்ட மென்றாள். வகாபா நின்று நின்று பார்த்துச் சலித்துப்போய், பக்கங்களை அள்ளிக்கொண்டு அச்சகத்துக்கு ஓடினாள்.

"அது என் பன்னுடி," என்றான் ரிகுதோ.