தொரையின் பைக்கும் மூன்று சுவிட்சுகளும்

கொத்மலைக்குப் போகும் வழியில், தேயிலைத் தோட்டத்து மேனேஜரான தொரையின் பைக் மூன்றாவது தடவையும் நின்றுபோனது. பின்னால் விருந்தாளிகளின் வேன் வந்துகொண்டிருந்தது. தொரை பைக்கைத் தள்ளிக்கொண்டு வளைவைக் கடந்ததை அவர்கள் ஜன்னல் வழியே படம் எடுத்தார்கள்.

மறுநாள் காலை வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில், கொழுந்து பறிக்கப் போக நின்ற அத்தனை பேருக்கும் முன்னால், தோட்டத்து எலக்ட்ரீசியன் யோகேஸ்வரனைத் தொரை கூப்பிட்டார்.

"ஏப்ரல்ல நுவரெலியாவுல பழைய வண்டிகளுக்குப் போட்டி இருக்கு. அங்கயும் இது நின்னுச்சுன்னா, நீ அடுத்த நாள் வேலைக்கு வராத. வெளங்குதா?"

"வெளங்குதுங்க ஐயா."

வேலை போனால் குடியிருக்கும் லயத்து அறையும் போகும். அறை வேலைக்காரனுக்குத்தான். மகள் ஷாமிலாவின் உயர்தரப் பரீட்சை ஆகஸ்டில். வட்டகொடை ஸ்டேஷனுக்கு மேலே உள்ள இந்தத் தோட்டத்தை விட்டால், அவள் புத்தகத்தை விரிக்க வேறு கூரை கிடையாது.

பைக்கில் என்ன கோளாறு என்பது யோகேஸ்வரனுக்கு முன்பே தெரியும். யாராவது கேட்டால் சொல்லலாம் என்று காத்திருந்தான். யாரும் கேட்கவில்லை. வீட்டில் மனைவி ஜீவராணியிடம் சொன்னான்.

"இது அம்பத்தி நாலாம் வருஷத்து வண்டி. இஞ்சின் ஓட பெட்டரி வேணாம். உள்ள இருக்கிற மெக்னீட்டோ சுத்திச் சுத்தித் தானே கரண்ட் உண்டாக்கும். அப்ப எப்படி நிப்பாட்டுறது? அந்தக் கரண்டைப் பிளக்குக்குப் போக விடாம வண்டியோட இரும்புக்குத் திருப்பி விட்டுறணும். ஹேண்டில்ல இருக்கிற பொத்தான் அதத்தான் செய்யுது. இப்ப வர்ற வண்டியில சுவிட்ச் கரண்டை அறுக்கும். இதுல சேத்து வைக்கும்."

"சரி, அதுக்கு?"

"பொத்தானுக்குள்ள பனித் தண்ணி எறங்குச்சுன்னா, யாரும் அமுக்காமலே உள்ள ரெண்டு முனையும் சேந்துரும். இஞ்சின் செத்துரும்."

"அப்ப நல்ல பொத்தானா வாங்கிப் போட வேண்டியதுதானே!"

அதுதான் கிடைக்கவில்லை. கொழும்பிலிருந்து இரண்டு தடவை வரவழைத்தார்கள். பார்வைக்குப் பழையது மாதிரியே பளபளவென்று இருந்தன. உள்ளே மெல்லிய தகரம். ஒற்றைச் சிலிண்டர் இஞ்சினின் அதிர்வில் சுருள்வில் ஒரு மாதத்தில் தளர்ந்தது. பித்தளை முனையில் பச்சைக் களிம்பு ஏறியது. அதோடு வந்த மற்றச் சுவிட்சுகளில் ஹாரனும் அடிக்கவில்லை, தலைவிளக்கும் தாழவில்லை.

தொரையிடம் இதைச் சொன்னபோது அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மூடிக் கெடக்கிற பழைய தேயிலை பெக்டரியில எவ்வளவோ சாமான் கெடக்கு. போய்ப் பாத்து எடுத்துப் போடு." பெரட்டில் நின்ற முப்பது பேரும் அதைக் கேட்டார்கள்.

பழைய பெக்டரியின் மேல்மாடியில்தான் ஒரு காலத்தில் கொழுந்தை வாட்டினார்கள். ராத்திரி முழுக்கப் பச்சைக் கொழுந்து தண்ணீரை ஆவியாக விட்டுக்கொண்டே இருக்கும். அந்த ஈரத்தில், பெரிய காற்றாடிகள் சுவரையே உதறிக்கொண்டு ஓடும். ஈரம், அதிர்வு இரண்டையும் நாற்பது வருஷம் தாங்குவதற்கென்றே செய்த பொத்தான்கள் அந்தச் சுவரில் இருந்தன. தடித்த பித்தளை உடல், பீங்கான் அடித்தட்டு, வெள்ளி முனை. பித்தளை பச்சையேறினால் கரண்டை மறிக்கும். வெள்ளி கறுத்தாலும் ஓரளவு விடும். அது மட்டுமல்ல, முனைகள் நேருக்கு நேர் முட்டாமல் உரசிக்கொண்டு சேரும். ஒவ்வொரு அமுக்கலிலும் தம்மைத் தாமே துடைத்துக்கொள்ளும். யோகேஸ்வரன் அதை இருபது தடவை அமுக்கிப் பார்த்துத் தனியாகச் சிரித்தான்.

காற்றாடியை நிறுத்தும் சிவப்புப் பொத்தானில் முனைகள் சாதாரணமாகச் சேர்ந்தே இருக்கும். அதைப் போட்டால் பைக் ஸ்டார்ட்டே ஆகாது. ஓட்டும் பச்சைப் பொத்தான்தான் அமுக்கும்போது சேரும். அதில் இரண்டைக் கழற்றினான், ஒன்று இஞ்சினை நிறுத்த, ஒன்று ஹாரனுக்கு. படிக்கட்டு விளக்கின் இரண்டு பக்கமும் தட்டும் சுவிட்சைத் தலைவிளக்கை உயர்த்தித் தாழ்த்த எடுத்தான்.

பெக்டரி வாசலை விட்டு ஒரு ஆணி போவதானாலும் தொரை கையெழுத்திட்ட துண்டுச் சீட்டு வேண்டும். யோகேஸ்வரன் துண்டு கேட்கவில்லை. தன் வாயால் சொன்ன தொரையிடமே போய்த் துண்டு கேட்பது, உங்கள் சொல்லை நம்பவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வதாகும். அப்படி அந்தத் தோட்டத்தில் யாரும் கேட்டதில்லை.

ஏப்ரலில் நுவரெலியாவில் பனியும் தூறலும் சேர்ந்து வந்தன. பல வண்டிகள் நின்றன. தொரையின் பைக் நிற்கவில்லை. கோப்பை கிடைத்தது. கொழும்பிலிருந்து வந்திருந்த கம்பெனி டிரெக்டர் குனிந்து ஹாரன் பொத்தானை அமுக்கினார். மறுபடியும் அமுக்கினார்.

"அருமையா இருக்கே! எங்க எடுத்தீங்க?"

"இங்கிலாந்துல இருந்து எடுப்பிச்சேன்," என்றார் தொரை. "ரொம்பத் தேட வேண்டியதாப் போச்சு."

துணியோடு பக்கத்தில் நின்ற யோகேஸ்வரனால் பொறுக்க முடியவில்லை. தொரையைக் காட்டிக்கொடுக்க வேண்டும் என்று அவன் நினைக்கவே இல்லை. பொத்தானைப் பற்றி ஒரு தவறு காற்றில் நிற்கிறதே என்றுதான் இருந்தது.

"இல்லைங்க ஐயா, இது கொழுந்து வாட்டுற காத்தாடியோடது. எங்க பழைய பெக்டரியில இருந்து நாந்தான் கழட்டினேன். ஏன் இது நல்லதுன்னா..."

பத்து நிமிஷம் சொன்னான். வெள்ளி முனை வரைக்கும் சொன்னான். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். டிரெக்டர் தொரையின் தோளைத் தட்டினார்.

"இங்கிலாந்து ஒங்க தோட்டத்துக்குள்ளயே இருக்குன்னு சொல்லவே இல்லையே!" எல்லாரும் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு மாறாமலே கேட்டார்: "அந்த பெக்டரி சாமான் எல்லாம் விக்கிறதுக்கு லிஸ்ட் போட்டது. கழட்டச் சொன்னது யாரு?"

"எனக்குத் தெரியாது, சேர்," என்றார் தொரை.

திங்கட்கிழமை ஆபீசில் அவர் கேட்டது ஒரே கேள்விதான். "துண்டு எங்க?"

"நீங்கதானே ஐயா பெரட்டுல சொன்னீங்க... எல்லாரும் கேட்டாங்களே."

"யாரு கேட்டா? கூட்டிட்டு வா."

முப்பது பேரில் ஒருவரும் வரவில்லை. தொழிற்சங்கத் தலைவர் வீரய்யா மட்டும் வாசலில் நின்று தலையைச் சொறிந்தார். "துண்டு இல்லாம நான் எதக் காட்டித் தம்பி பேசுறது? கைதட்டுறாங்கன்னு ஒப்பிச்சியாமே. வாய வாடகைக்கா விட்டுருந்த?"

போலீசா, விலகல் கடிதமா என்றார் தொரை. யோகேஸ்வரன் கடிதம் எழுதினான். பரீட்சை முடியும் வரை அறையை மட்டும் விடச் சொல்லிக் கெஞ்சினான். தொரை ஒரு வழி சொன்னார்.

"வட்டவளையில இருந்து கிஷாந்த்னு ஒருத்தன் வர்றான். அந்த சுவிட்ச் வேலை பூரா அவனுக்குச் சொல்லிக் குடு. அப்புறம் ரூமைப் பாக்கலாம்."

அன்று ஜீவராணி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒரே ஒரு விஷயத்த மட்டும் சொல்லாம வச்சுக்கங்க. மழைக்காலத்துல வண்டி நிக்கட்டும். ஒங்களத் தேடி வருவாங்க. புள்ளைக்காகங்க."

அப்படி ஒன்று இருந்தது. எவ்வளவு இறுக்கி மூடினாலும் பனி பித்தளைக்குள் வேர்க்கும். எனவே ஒவ்வொரு பொத்தானின் அடியிலும் ஊசி முனை அளவுக்கு ஓட்டை போட்டிருந்தான். கண்ணுக்குத் தெரியாது. சேறு அடைத்தால் ஒரு மாதத்தில் தண்ணீர் நிறைந்து இஞ்சின் நிற்கும். "சரி, சொல்ல மாட்டேன்," என்றான். அவள் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, சாமி படத்துக்கு முன்னால் சத்தியம் செய்யச் சொன்னாள். செய்தான்.

கிஷாந்த் முப்பத்தைந்து வயதுக்காரன், மரியாதையானவன். எதையும் இரண்டு தடவை கேட்டான். இத்தனை வருஷத்தில் யோகேஸ்வரனை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

"எல்லாம் சரிண்ணே. ஆனா இவ்வளவு பனியில உள்ள தண்ணி வராமலா இருக்கும்?"

யோகேஸ்வரன் பொத்தானைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தான். கேள்வி அவ்வளவு சரியான கேள்வி.

"வரும்," என்றான். "எல்லாரும் தண்ணி உள்ள வராமத்தான் பாப்பாங்க. வந்த தண்ணி போக வழி வைக்கணும். இங்க தடவிப் பாரு." கிஷாந்தின் விரலைப் பிடித்து ஓட்டையில் வைத்தான்.

சாயங்காலம் தொரை வந்து கிஷாந்தைக் கேட்டார். "படிச்சிட்டியா?"

"படிச்சிட்டேங்க ஐயா."

"எல்லாமே?"

"எல்லாமே. அண்ணே ஒன்னையும் விடல."

தொரை யோகேஸ்வரன் பக்கம் திரும்பினார். "அப்ப இனிமே நீ எதுக்கு? இவனுக்கும் ரூம் வேணும். சனிக்கிழமைக்குள்ள காலி பண்ணு."

யோகேஸ்வரன் லயத்தை நோக்கி ஏறத் தொடங்கினான். ஷாமிலா வாசலில் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பது கேட்டது. பாதி வழியில் கீழேயிருந்து கிஷாந்த் கத்தினான்.

"அண்ணே! அந்த ஓட்டைய எத்தன நாளைக்கு ஒருக்கா ஊசியால குத்தி விடணும்?"

அவன் திரும்பி நின்றான்.

"கிழமைக்கு ஒருக்கா!" அடுத்துச் சொல்வது கேட்காமல் போய்விடுமோ என்று இரண்டு விரலை உயர்த்திக் காட்டினான். "மழைன்னா ரெண்டு தரம்!"