பத்து நிமிஷ மருந்து

பேன் மருந்துப் பெட்டியில் பத்து நிமிடம் என்றுதான் போட்டிருந்தது. பெரிய எழுத்திலேயே போட்டிருந்தது. கண்ணில் படவில்லை என்று அவளால் பொய்கூடச் சொல்ல முடியாது. ஆனால் பதினோரு வருடமாகப் பார்லர் நடத்துகிறவளிடம் போய்ப் பத்து நிமிடம் என்றால் எடுபடுமா? சாயத்துக்கு முக்கால் மணி நேரம், எண்ணெய் வைத்து ஆவி பிடிக்க அரை மணி நேரம். அவள் கைபட்ட எந்தத் தலையிலும் பத்து நிமிடத்தில் எதுவும் நடந்ததில்லை.

அது போக, அவளிடம் ஒரு சாட்சி வேறு இருந்தது. போன மாதம் வீட்டுக்காரருக்கு விரலிடுக்கில் சொறி வந்து, டாக்டர் ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். வீட்டில் மூன்று பேரும் ஒரே நாளில் கழுத்திலிருந்து கால்வரை பூசிக்கொண்டு படுத்து, காலையில் குளித்தார்கள். ஒரு வாரம் விட்டு இன்னொரு தடவை. சனியன் விட்டது. அந்த டியூபையும் இந்தப் பாட்டிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். மருந்தின் பெயர் ஒன்றேதான்! உடம்பு ராத்திரி முழுக்கத் தாங்கியதைத் தலை அரை மணி நேரம் தாங்காதா என்ன? அது வேறு சரக்கு, இது வேறு சரக்கு, ஒன்று உடம்புக்கு, ஒன்று தலைக்கு என்று யோசிக்க அவளுக்குப் பொறுமை இல்லை.

அன்று பள்ளி விடுமுறை. ஏழு வயது மகள் சிட்டுவைக் கடையின் பின்னறையில் ஸ்டூலில் உட்காரவைத்தாள். தலை நிறைய மருந்தை ஊற்றினாள். பிளாஸ்டிக் தொப்பியை இழுத்து மாட்டினாள். அதோடு விட்டாளா? ஸ்டீமரையும் மேலே கவிழ்த்துப் போட்டாள். சூடு பட்டால் மருந்து நன்றாக இறங்கும் என்பது தொழில் புத்தி.

மணி பதினொன்று. பதினொன்றரைக்கு அலசிவிடலாம். பன்னிரண்டுக்குத்தான் அடுத்த ஆள். கணக்கெல்லாம் சரியாகத்தான் இருந்தது.

பதினொன்று இருபதுக்கே கதவைத் தள்ளிக்கொண்டு ரேடியோ அக்கா வந்து நின்றாள். அந்தப் பெயர் ஏன் வந்தது என்று விளக்க வேண்டியதில்லை. யார் வீட்டில் அம்மி நகர்ந்தாலும் அடுத்த தெருவுக்கு அவள்தான் சொல்வாள்.

"பன்னெண்டுக்குத்தானே அக்கா சொன்னேன்?"

"அதனால என்ன, உன்கூடப் பேசிட்டு இருக்கலாமேன்னு வந்துட்டேன்" என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டாள் அவள்.

பார்லர்காரி பின்னறைத் திரையை இழுத்து மூடினாள். பின்னறையில் குழாய் கிடையாது. தலை அலசும் தொட்டி இருப்பது முன்கடையில், ரேடியோ அக்காவின் மூக்குக்கு முன்னால். பார்லர்காரி பிள்ளைக்கே பேனாம் என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும், பிழைப்பில் மண். சிட்டுவோ பள்ளிவிட்டு வந்தால் கடையிலேயே கிடப்பாள். கடை பிரஷ்ஷை எடுத்துத் தன் தலையை வாருவாள். அந்த நினைப்பு வந்ததும் அதை அப்படியே அமுக்கினாள்.

சீக்கிரம் சாயத்தைப் போட்டு அனுப்பிவிடலாம் என்று கிண்ணத்தில் கலக்க ஆரம்பித்தாள்.

திரைக்குப் பின்னாலிருந்து, "அம்மா, எரியுது."

உள்ளே ஓடினாள். "ஷ்ஷ்! எரிஞ்சாத்தான் சாகும். என் கண்ணுல்ல, கொஞ்சம் பொறுத்துக்கோ."

"யாரு உள்ள?" என்றாள் ரேடியோ அக்கா.

"சிட்டுதான். வீட்டுப்பாடம் எழுதுறா."

கடிகாரம் பதினொன்றரையைத் தாண்டியது, முக்காலைத் தாண்டியது. பாதித் தலைக்குச் சாயம் போட்டாயிற்று. ரேடியோ அக்கா யாருடைய மருமகளையோ வறுத்தெடுத்துக்கொண்டிருந்தாள். பார்லர்காரி காதை மட்டும் திரைப்பக்கம் வைத்திருந்தாள். உள்ளே மூக்கு உறிஞ்சும் சத்தம். அப்புறம் அதுவும் இல்லை. ஏன் சத்தமே இல்லை?

அடுத்த நொடி அலறல் வந்தது. "அம்மா! கண்ணு தெரியலம்மா!"

பிரஷ் கையிலிருந்து விழுந்தது. திரையைப் பிய்த்துக்கொண்டு ஓடினாள். வேர்வையும் மருந்துமாக நெற்றியில் வழிந்து இரண்டு கண்ணுக்குள்ளும் போயிருந்தது. குழந்தை முஷ்டியால் கண்ணைத் தேய்த்துத் தேய்த்துக் கத்தியது. தொப்பியைக் கழற்றினால் உச்சந்தலை செக்கச்செவேலென்று இருந்தது.

திரைக்கு அந்தப் பக்கம் தண்ணீர். திரைக்கு அந்தப் பக்கம் ரேடியோ. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி அவள் நின்றாள். அந்த ஒரு நொடிக்காக அவள் பிற்பாடு தன்னையே எத்தனையோ தடவை திட்டிக்கொண்டாள். அப்புறம் பிள்ளையை அள்ளிக்கொண்டு வெளியே பாய்ந்தாள்.

"எந்திரிங்க அக்கா! பேன் மருந்து கண்ணுல போயிடுச்சு!"

கறுப்புப் பாதியும் வெளுப்புப் பாதியுமான தலையோடு ரேடியோ அக்கா துள்ளி எழுந்தாள். ஒரு கேள்வி கேட்கவில்லை. குழந்தையைத் தொட்டிமேல் மல்லாத்திப் பிடித்தாள். "வெந்நீர் வேணாம், பச்சைத் தண்ணியத் திற. நீ மருந்துக் கடைக்குப் போன் போடு!"

மருந்துக் கடைக்காரர் எடுத்தவுடனே கேட்டார். "எவ்வளவு நேரம் வச்சீங்க?"

"அம்பது நிமிஷம். ஸ்டீமர் வேற வச்சேன்."

"அறிவிருக்காம்மா? முதல்ல கண்ணைக் கால் மணி நேரம் விடாம கழுவுங்க. தலைய அலசுங்க, மருந்து மறுபடி கண்ணுக்கு இறங்காம பாத்துக்கோங்க. கழுவின கையோட கண் டாக்டர்கிட்ட ஓடுங்க."

ரேடியோ அக்கா இமையை விரித்துப் பிடிக்க, அவள் தண்ணீர் விட்டாள். குழந்தை திமிறியது. கால் மணி நேரம் ஒரு யுகமாகப் போனது. கண்ணே, கண்ணே என்று தினமும் கொஞ்சிய வாய்க்கு இப்போது அந்தச் சொல்லைச் சொல்லவே பயமாக இருந்தது.

கடைசியில் துண்டால் ஒற்றிவிட்டு, கையைச் சிட்டுவின் முகத்துக்கு முன்னால் நீட்டினாள். "எத்தனை விரலு, சொல்லு தங்கம்."

சிவந்த கண்கள் மெல்லத் திறந்தன. மூடின. மறுபடி திறந்தன.

"மூணு" என்றாள் சிட்டு விசும்பிக்கொண்டே. "நடு விரல்ல பாலிஷ் உரிஞ்சிருக்கு."

அவள் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதுவிட்டாள்.

ரேடியோ அக்கா துண்டைப் பிழிந்து காயப்போட்டுவிட்டு, வாழ்க்கையிலேயே முதல்முறையாகக் குரலைத் தாழ்த்தினாள். "அழாதம்மா. நான் யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்."

"ஐயோ அக்கா, சொல்லுங்க!" அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "எல்லார்கிட்டயும் சொல்லுங்க. இவ கடை பிரஷ்ஷால தலை வாரியிருக்கா. உங்க தலையையும் பாக்கணும், இங்க வந்தவங்க எல்லார் தலையையும் பாக்கணும். அவங்களும் மருந்து வாங்குவாங்க. என்னை மாதிரி யாராவது புத்திசாலி இருந்தா?"

"நிஜமாவா சொல்ற? நான் சொல்லட்டுமா?"

"ஆனா சரியாச் சொல்லுங்க. எத்தனை நிமிஷம்?"

"பத்து" என்றாள் ரேடியோ அக்கா, அவள் நீட்டிய மருந்துப் பெட்டியைப் படித்து, பள்ளிப் பிள்ளை மாதிரி.

சிட்டுவைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் கண் டாக்டரிடம் ஓடினாள். குழந்தையின் ஈரத்தலை கழுத்தில் பட்டது. டாக்டர் பார்த்துச் சொல்லும்வரை மனம் ஆறாது. தெருமுனை திரும்புமுன் கடைப் பக்கமிருந்து அந்தக் குரல் கணீரென்று கேட்டது. பாதிச் சாயத் தலையோடு நடுத்தெருவில் நின்று, போகிற யாரையோ மடக்கிப் பிடித்திருந்தாள்.

"பத்தே நிமிஷம்தான்மா! தொப்பி கிப்பி மாட்டித் தொலைச்சிடாத!"