பாலிசிக்கு முந்தின அடி

“கை வைக்காதே! அந்த பம்பரை மட்டும் கழட்டினே, க்ளெய்ம் ஃபைலை இங்கேயே கிழிச்சுப் போட்டுட்டுப் போயிடுவேன்!”

கத்திக்கொண்டே அவள் ஒர்க்‌ஷாப்புக்குள் ஓடினாள். போல்ட்டில் ஸ்பேனரை மாட்டியிருந்த மெக்கானிக், துப்பாக்கியைக் கண்டவன் மாதிரி இரண்டு கையையும் தூக்கினான். பக்கத்தில் நின்ற கார்க்காரருக்கு முகத்தில் ஈயாடவில்லை.

அவள் இன்ஷூரன்ஸ் சர்வேயர். அடிபட்ட வண்டி நிஜமாகவே அடிபட்டதா, சொன்ன மாதிரிதான் அடிபட்டதா என்று பார்த்து எழுதுவது அவள் வேலை. ஒர்க்‌ஷாப்காரர்கள் முகத்துக்கு நேரே மேடம் என்பார்கள். முதுகு திரும்பினால் பூதக்கண்ணாடி.

“நேத்து ஒரு லாரிக்காரன் இடிச்சிட்டான் மேடம். கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள...”

“அப்படியா? பாவம்.” மெக்கானிக்கைப் பார்த்தாள். “இப்பக் கழட்டு. மெதுவா. உள்ளே இருக்கறது எதுவும் உதிரக் கூடாது.”

பம்பர் விலகியது. டார்ச்சை அடித்தாள். நசுங்கிய தகட்டின் மடிப்பில் பழுப்பாகத் துரு. அதற்குக் குறுக்கே நிதானமாக வலை கட்டிக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது ஒரு சிலந்தி.

“லாரி நேத்து இடிச்சுது. சிலந்திக்கு மட்டும் முன்கூட்டியே தகவல் சொல்லிட்டீங்களா?”

“அது... ஈரக் காத்து மேடம். துரு சீக்கிரம் பிடிச்சுடும்.”

“பாலிசி எப்ப எடுத்தீங்க?”

“போன மாசம்.”

“வண்டி நசுங்கினப்புறம் பாலிசி எடுத்திருக்கீங்க. நல்ல மனசு சார் உங்களுக்கு.”

அவள் தொழிலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான். எது முதலில் வந்தது, அடியா, பாலிசியா? அதைக் கேட்டால் போதும். மீதியை ஆளே உளறிவிடுவான்.

கைபேசி அலறியது. அவளுக்கு நிச்சயமான மாப்பிள்ளை.

“முடிவு பண்ணிட்டியாம்மா? இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள ரூமை உறுதி பண்ணணும். உன் பாஸ்போர்ட்டையும் போட்டோ எடுத்து அனுப்பு. எத்தனை தடவைதான் கேக்கறது?”

“நான் எப்பவோ முடிவு பண்ணிட்டேன். மலையோர வீடு.”

“ஐயோ, அங்க கொசு.”

“முந்தாநாள் அலைச் சத்தம்னீங்க.”

“அலையும்தான். ரெண்டும் இருக்கு. அந்தப் பெரிய ரிசார்ட்டைப் பாரு, போட்டோ அனுப்பறேன். பாத்தா நீயே சொக்கிப் போயிடுவே.”

கல்யாணம் அடுத்த மாதம். அது முடிந்த கையோடு கரீபியன் தீவு ஒன்றில் தேனிலவு. ஒண்டிக் குடித்தன வீடுகளில் வளர்ந்தவளுக்கு அந்தத் தீவின் பெயரை உச்சரிக்கவே இரண்டு நாள் ஆனது. மாப்பிள்ளை குளியலறைக் குழாய்கள் செய்யும் கம்பெனியில் ஏரியா மேனேஜர். நிச்சயம் ஆனதும் எல்லோரும் மோதிரம் தருவார்கள். இவன் ஒரு குழாயும் சேர்த்துத் தந்தான். கையை நீட்டினால் தானாகத் தண்ணீர் கொட்டும் உயர்ந்த ரகம். அதை அக்கா வீட்டில் மாட்டினார்கள். அக்கா கையை நீட்டினால் அது மௌன விரதம். யாரும் இல்லாத நேரத்தில் தானாகக் கொட்டித் தீர்க்கும்.

அப்படிப்பட்டவனை எப்படி ஒப்புக்கொண்டாள்? ஒரே ஒரு கேள்வியால்.

மழை பிடித்துக்கொண்ட நாளில்தான் அவன் வீட்டார் முதல்முதலாக வந்தார்கள். வாசலெல்லாம் நனைந்த செருப்பு. அதற்கு முன் வந்த வரன்களெல்லாம் சமைப்பாளா, வேலையை விடுவாளா, இந்தப் பல் சொந்தப் பல்தானா என்கிற ரீதியில் குடைந்தார்கள். இவன் எதையும் கேட்கவில்லை. தனியாகப் பேச விட்டதும் மெல்லிசாக ஒரு சிரிப்பு சிரித்துக் கேட்டான்: “உங்களுக்குப் பாஸ்போர்ட் இருக்கா?”

உலகத்தைச் சேர்ந்து பார்க்க நினைக்கிற ஆண்பிள்ளை என்று அவளுக்கு உள்ளே குளிர்ந்தது. அக்காவோ அன்றைக்கே, “இவன்தான்டி! விட்டா கிடைக்க மாட்டான்!” என்று குதித்தாள். அப்புறம் அவன் அம்மா கல்யாணத்துக்குக் காட்டிய அவசரம் இருக்கிறதே, விட்டால் அடுப்படியிலேயே மாலை மாற்றச் சொல்லியிருப்பாள்.

மத்தியானம் அக்கா வீட்டில் மாப்பிள்ளையே நேரில் ஆஜர். கையில் கேக் டப்பா. தலையில் சீப்பின் பல் பதிந்த வரி வரியான முடி. மேசைமேல் மலையோர வீட்டின் படங்களும் பெரிய ரிசார்ட்டின் படங்களும். அக்கா துணி மடித்துக்கொண்டே வழக்கு கேட்க உட்கார்ந்தாள்.

“இந்த மலையோர வீட்டை எதுக்குப் பிடிச்சுது உனக்கு? சுவர்ல காரை பேந்திருக்கு,” என்றான் மாப்பிள்ளை.

“அதை மறைக்கலையே, அதான் பிடிச்சுது. எல்லாப் படத்துலயும் அந்தக் கறுப்பு நாய் குறுக்கே படுத்திருக்கு பாருங்க. ஏமாத்தறவன் நாயைத் துரத்திட்டுத்தான் படம் எடுப்பான்.”

“நாயை நம்பி கடல் தாண்டிப் போறதா?”

“இதை நம்பிப் போகச் சொல்றீங்களே!” ரிசார்ட் படத்தைத் தூக்கினாள். “கடலைப் பாத்த அறைன்னு போட்டிருக்கான். கடலுக்கும் அறைக்கும் நடுவுல ரோடு. ரோட்டுல பஸ்ஸு. பஸ்ஸை அழிச்சவன் அதோட நிழலை அழிக்க மறந்துட்டான். குளத்தோரம் சிரிக்கற பொண்ணேதான் சாப்பாட்டு அறையிலயும் சிரிக்கறா, மசாஜ் அறையிலயும் சிரிக்கறா. பாவம், அந்தப் பொண்ணைத் தவிர அங்க யாரும் தங்கினதே இல்ல போலிருக்கு.”

அக்கா துணிக்குள் முகத்தைப் புதைத்துச் சிரித்தாள்.

“இதென்ன, கார் க்ளெய்மா?” மாப்பிள்ளைக்குக் குரல் உயர்ந்தது. “ஹனிமூன்மா! கொஞ்சம் கனவு காண விடேன்.”

“கனவுதானே? அப்ப இதைச் சொல்லுங்க.” கடைசிப் படத்தை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். பெரிய ஹால். வரிசை வரிசையாக நாற்காலி. முன்னால் மேடை, மைக். “ஹனிமூனுக்கு எதுக்குங்க இவ்வளவு நாற்காலி? ஊரைக் கூட்டி வெச்சு உங்க காதலைச் சொற்பொழிவா ஆத்தப் போறீங்களா?”

மாப்பிள்ளை தண்ணீர் கேட்டான். அக்கா கொண்டுவந்தாள். சொம்பு காலியாகும் வரை குடித்தான்.

“அது... நம்ம கம்பெனி மாநாடு.”

“எந்தக் கம்பெனி?”

“குழாய்க் கம்பெனி. இந்த வருஷம் அதிகமா வித்தது என் ஏரியாதான். அதுக்குப் பரிசு இந்தப் பயணம். பகல்ல மட்டும்தான் மீட்டிங். நீ பாட்டுக்குக் குளத்துல நீந்திக்கிட்டு இரு. சாயங்காலம் நான் வந்துடுவேன்.”

“ஓஹோ! பகல்ல குழாய், சாயங்காலம் பொண்டாட்டி.”

“செலவை மிச்சம் பிடிக்கலாம்னு பாத்தேன். சொன்னா கோச்சுப்பியோன்னு...”

“எனக்கு நீந்தத் தெரியாது. அதையாவது கேட்டிருக்கலாம்.”

அவளுக்கு அவனைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. கடல் தாண்டி அழைத்துப் போய்க் கம்பெனி செலவில் காதல் பண்ணப் பார்த்திருக்கிறான் கஞ்சன்! இனாம் சோப்பை ஓட்டலிலிருந்து சுருட்டிக்கொண்டு வருகிற ரகம். இவனோடு ஆயுசுக்கும் குடித்தனமா? மோதிர விரலில் அரிக்கிற மாதிரி இருந்தது.

அக்கா அவளை அடுப்படிக்கு இழுத்துப்போனாள். “எல்லாரும் இப்படித்தான்டி. உங்க மாமா என்னை எங்க கூட்டிட்டுப் போனார் தெரியுமா? அவர் பிரெண்டு வீட்டு மொட்டை மாடிக்கு. கஞ்சத்தனம் ஒரு குத்தமா? பத்திரிகை கொடுத்தாச்சு. மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காதே.”

“கஞ்சத்தனத்தை மன்னிச்சுடலாம்க்கா. பொய்? கொசுன்னான், அலைன்னான்.”

“ஒண்ணுதானே? போகட்டும் விடு.”

“சரி. உனக்காக ஒண்ணை விடறேன். ஆனா சொல்லிட்டேன், இன்னொண்ணு மட்டும் ஆப்ட்டுது, க்ளெய்ம் தள்ளுபடி. கல்யாண மேடையில உன் குழாயைத்தான் உக்கார வைக்கணும்.”

திரும்பி வந்து அவன் எதிரே உட்கார்ந்தாள். “மாநாட்டுக்கு வர்றேன். குளத்தோரம் உக்காந்து நகம் வெட்டிக்கிட்டு இருக்கேன். மாநாடு முடிஞ்சதும் மலையோர வீட்டுல நாம ரெண்டு பேர் மட்டும். அங்க குழாய்ப் பேச்சே எடுக்கக் கூடாது. சம்மதமா?”

“தங்கமா சொன்னே!” அவன் முகம் பளிச்சென்று மலர்ந்தது.

“வேற ஏதாவது மறைச்சிருக்கீங்களா? இப்பவே சொல்லிட்டா மன்னிப்பு உண்டு.”

“சத்தியமா இல்லம்மா. உன் தலைமேல அடிச்சு...”

“என் தலை எதுக்கு? உங்க தலை இல்லையா?”

அவன் ஹஹ்ஹா என்று பெரிதாகச் சிரித்தான். நிம்மதிப் பெருமூச்சோடு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, “அந்தக் குழாயைப் பாத்துடறேன் அக்கா. அதுல ஒரு சின்ன சூட்சுமம்தான்,” என்று குளியலறைக்குள் போனான்.

ரிசார்ட் படங்களின் அடியில் ட்ராவல்ஸ்காரரின் எண் இருந்தது. அவள் அதை அழுத்தினாள். “மலையோர வீட்டையும் இப்பவே போடச் சொல்லிடறேன்!” என்று குளியலறைப் பக்கமாகக் குரல் கொடுத்தாள்.

உள்ளே ஏதோ தடால் என்று விழுந்தது. “வேணாம்மா! நான் பேசிக்கறேன்! நீ பேசாதே!”

அதற்குள் மணி அடித்துவிட்டது. பதறுகிறானே, ஏன்? ஸ்பீக்கரைத் தட்டிவிட்டுக் கைபேசியை மேசைமேல் வைத்தாள்.

“வணக்கம், சொல்லுங்க!” ட்ராவல்ஸ்காரரின் குரலில் ஏகப்பட்ட சர்க்கரை. அவள் விவரம் சொன்னாள். “அடடே, குழாய் சாரோட மிஸஸா? ரொம்ப சந்தோஷம் மேடம்! அந்த மலை வீடுதானே, தாராளமாப் போட்டுடலாம். பாஸ்போர்ட்ல இருக்கற மாதிரி உங்க பேரைச் சொல்லுங்க. ரிசார்ட் ரூமுக்கும் சேத்து எழுதிக்கறேன். அங்கயும் மிஸஸ் பேரு இன்னும் காலியாத்தான் இருக்கு.”

“காலியாவா? சார் என் பேரைச் சொல்லலையா?”

“அப்ப எப்படி மேடம் சொல்லுவார்?”

மாப்பிள்ளை குளியலறை வாசலில் வந்து நின்றான். சட்டையெல்லாம் தொப்பல். அவன் முதுகுக்குப் பின்னால் குழாய் விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. கைபேசியை எடுக்க அவன் கை நீள, அக்கா மடித்த துணி மூட்டையோடு குறுக்கே வந்து நின்றாள்.

பூதக்கண்ணாடி நிதானமாகக் கேட்டாள். “அப்பன்னா எப்ப?”

“வெயில் காலத்துல மேடம். நல்லா ஞாபகம் இருக்கு. ஆபீஸ்ல ஏசி ரிப்பேர், சார் வேர்த்து வழிய உக்காந்துதான் ரூம் போட்டார்.”

வெயில் காலம். வாசலில் நனைந்த செருப்புகள் வரிசை கட்டிய அந்த மழை நாளுக்கு வெகு முன்னால். இப்படி ஒருத்தி உலகத்தில் இருக்கிறாள் என்றே அவனுக்குத் தெரியாத காலம்.

தொழில் கேள்வி தானாகவே வாயில் வந்தது. “அப்ப ரூம்தான் முதல்லயா? நான் அப்புறமா?”

ட்ராவல்ஸ்காரர் அதை ஜோக் என்று எடுத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

“ஆமா மேடம்! கம்பெனிப் பரிசு கல்யாணம் ஆன ஜோடிக்கு மட்டும்தானாமே. தனியாளுக்குக் கிடையாதாம். மிஸஸ் பேரு என்ன போடன்னு கேட்டேன். சார் என்ன சொன்னார் தெரியுமா? ‘இடத்தை விட்டு வையுங்க, கிளம்பறதுக்குள்ள யாராவது ஒருத்தி கிடைச்சிடுவா. பாஸ்போர்ட் இருக்கற பொண்ணாப் பாக்கச் சொல்லி அம்மாகிட்ட சொல்லியிருக்கேன்’னார்!”